கப்பல் நானாவின் நாலு வேலை

கண்டியில் இசைத்தட்டைக் கையால் பின்னுக்கு இழுத்து, அந்தக் கீச்சுச் சத்தத்தை இசை என்று சொன்ன முதல் மனிதர் கப்பல் நானாதான். இந்தப் பெருமைக்கு யாரும் போட்டிக்கு வரமாட்டார்கள். நான் அங்கே இருந்தவரை இரண்டாவது ஆள் தோன்றவே இல்லை.

சரக்குக் கப்பலில் சமையற்காரராக இருந்தவர்; முஸ்லிம்கள் அண்ணனை நானா என்பார்கள், அப்படி வந்த பேர். நாற்பது வயது, நல்ல தொப்பை. யாழ்ப்பாணத்திலிருந்து அரசாங்கக் கந்தோர் வேலைக்கு வந்த நானும் என் மனைவியும் அவர் வீட்டு மேல்மாடியில் வாடகைக்கு இருந்தோம். ஒருமுறை கப்பல் பழுதாகி நியூயோர்க்கில் மாதக்கணக்காகக் கிடந்தபோது, துறைமுகத்தில் பழகிய ஒருவன் அவரைப் புரோங்ஸ் என்ற ஏழைப் பகுதிக்குக் கூட்டிப் போயிருக்கிறான். எரிந்துபோன கட்டடங்களுக்கு நடுவே, தெருவிளக்குக் கம்பத்தில் மின்சாரம் இழுத்து, கறுப்பினப் பிள்ளைகள் பாட்டும் ஆட்டமுமாகக் கொண்டாடிக்கொண்டிருந்தார்கள். நானா அங்கே கண்டதை மறக்கவில்லை. கப்பலை விட்டு ஊருக்கு வந்தபோது இரண்டு ரெக்கோட் பிளேயர், ஒரு மைக், இரண்டு பெரிய ஸ்பீக்கர் எல்லாம் கூடவே வந்தன.

"தம்பி, ஹிப் ஹொப் எண்டா வெறும் பாட்டில்ல. நாலு வேல ஈக்கி. ஒருத்தன் ரெக்கோட் சுத்துவான். ஒருத்தன் மைக்கப் புடிச்சித் தாளத்துக்குப் பேசுவான். ஒருத்தன் தரையில உருண்டு ஆடுவான். ஒருத்தன் சுவத்துல பேர எழுதுவான்."

"இஞ்ச ஆர் நானா இதெல்லாம் செய்யிறது?"

"நாலும் நான்தான். வேற ஆளா ஈக்கி?"

முதல் வேலையைப் பிலிமத்தலாவையில் ஒரு கல்யாண வீட்டில் தொடங்கினார். ஒரே பாட்டின் இரண்டு தட்டுகள். பாட்டின் நடுவே மேளம் மட்டும் ஒலிக்கும் சிறு இடம் வரும். அது முடியும் நேரம் மற்றத் தட்டில் அதே இடத்தைப் போடுவார். அது முடிந்தால் மறுபடி இது. கால்மணி நேரமாக மேளம் மட்டுமே அடித்தது. பெண்ணின் தகப்பனார் பொறுத்துப் பார்த்துவிட்டு வந்தார்.

"நானா, பாடுறவன் எப்ப வாயத் தொறப்பான்?"

"தொறக்கமாட்டான் ஹாஜியார். தொறந்தா ஆட்டம் நிண்டுபோகும்."

ஆடுவதற்கு அங்கே யாரும் எழும்பவே இல்லை. பந்தி வைக்குமுன்பே நானாவின் கையில் புரியாணிப் பொட்டலம் ஒன்றைத் திணித்து அனுப்பிவைத்தார்கள்.

அடுத்தது நடனம். முற்றத்தில் குளிர்சாதனப் பெட்டி வந்த மட்டையை விரித்து, முதுகில் சுழன்றார். ஒன்றரைச் சுற்று அழகாகப் போனது. பிறகு இடுப்பு பிடித்துக்கொண்டது. நாலு பேர் அதே மட்டையோடு தூக்கி வான் வண்டியில் ஏற்றி, கடுகண்ணாவையில் 'வெத மாத்தியா' என்று சொல்லும் சிங்கள முறிவு வைத்தியரிடம் கொண்டுபோனோம். "எங்கே விழுந்தீர்கள்?" என்று அவர் கேட்டார். நானாவுக்கு வந்ததே கோபம். "விழல்ல வெத மாத்தியா, ஆடின!"

அந்தச் சின்னத் தெரு, எங்கள் ஒழுங்கை, முழுக்க அவரைப் பார்த்துச் சிரித்தது. நானும்தான். எண்பத்து மூன்று ஜூலையில் அந்தச் சிரிப்பு நின்றது.

தமிழர் வீடுகளைத் தேடி, பொல்லுத் தடிகளோடு ஒரு கூட்டம் ஒழுங்கைக்குள் வந்தது. நானும் மனைவியும் மேலே கட்டிலுக்குக் கீழே கிடந்தோம். திடீரென்று கீழே ஸ்பீக்கர் அதிர்ந்தது. நானா வாசலில் நின்று, மேளத்துக்கு ஏற்றபடி, மைக்கில் சிங்களத்தில் பேசத் தொடங்கினார். பேக்கரிக்காரன் மகனே வா, அம்மாவின் இருமல் சுகமா? சைக்கிள் கடைத் தம்பியே வா, தங்கச்சிக்குச் சோதனை பாஸா? ஒருவர் விடாமல் பேர் சொல்லி, தகப்பன் பேரும் சொல்லி வரவேற்றார். அரை ஊருக்குக் கேட்டிருக்கும். பேர் சொல்லப்பட்ட ஒவ்வொருவனும் பொல்லைக் கீழே போட்டுவிட்டு நழுவினானாம்.

"புரோங்ஸ்லயும் மைக் புடிக்கிறவன்ட மொத வேல இதுதான் தம்பி," என்றார் பிறகு, வியர்வையைத் துடைத்துக்கொண்டு. "வந்தவங்கட பேரச் சொல்லிக் கூப்பிடுற."

சில வருடங்களில் போர் முற்றியது. சந்திக்குச் சந்தி சோதனைச் சாவடி. அந்த நேரம் பார்த்தா நானா நாலாவது வேலையைத் தொடங்கவேண்டும்? கார் கராஜில் வாங்கிய பெயின்ற் டின்களால் ஒழுங்கை முகப்புச் சுவரில் உப்பிப் புடைத்த எழுத்துகள். தமிழும் சிங்களமும் ஆங்கிலமும் ஒன்றுக்குள் ஒன்று பின்னிக் கிடந்தன. ஒழுங்கையில் இருந்த எல்லாருடைய பேரும் அதில் இருந்தது.

"மொதலாவது உங்கட பேரு," என்று காட்டினார்.

சாவடிப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தேன். "அழிச்சுவிடுங்கோ நானா."

"அழிக்கவா? செவப்பு இன்னம் காயவும் இல்ல!"

அடுத்த வாரம் ராணுவ வாகனம் வந்தது. அது புலிகளின் இரகசியக் குறியீடு என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். எல்லாரையும் தெருவில் நிறுத்தினார்கள். கந்தோர் ஆள் என்பதால் அதிகாரி என்னிடம்தான் முதலில் வந்தார்.

"என்ன எழுதியிருக்கிறது?"

"தெரியாது சேர்."

"யார் எழுதியது?"

"தெரியாது."

அவர் நானாவின் சிவந்த விரல்களைப் பார்த்தார். "இந்த ஆளைத் தெரியுமா?"

அன்று காலை நானா வீட்டிலிருந்து வந்த இடியப்பம் என் வயிற்றில் இருந்தது.

"அவ்வளவாய்ப் பழக்கம் இல்லை," என்றேன்.

நானா என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஓரடி முன்னால் வந்தார். "அவரு சென்ன சரி சேர். அவருக்கு என்னயத் தெரியாது. நான்தான் எழுதின."

அவரைப் பிடித்துப்போய்ப் பத்தொன்பது நாள் வைத்திருந்தார்கள். திரும்பி வந்தபோது தொப்பை இல்லை. அன்று ராணுவம் அவரோடு கொண்டுபோன பிளேயர்களும் மைக்கும் வரவே இல்லை. அவரும் கேட்கப் போகவில்லை.

அதற்குள் நான் கொழும்புக்கு மாற்றம் எடுத்திருந்தேன். சாமான் ஏற்றும் நாளில், யாரும் கூப்பிடாமலே மேலே வந்து அலுமாரியின் ஒரு பக்கத்தைப் பிடித்தார். படியில் இறங்கும்போது, இப்போது விட்டால் முடியாது என்று தொடங்கினேன்.

"நானா, அண்டைக்கு நான்…"

"தம்பி, அந்தப் பக்கத்த கொஞ்சம் ஒசத்துங்க. கண்ணாடி இடிக்கும்."

உயர்த்தினேன். கண்ணாடி உடையாமல் லொறியில் ஏறியது. நாங்களும் ஏறினோம்.

கொழும்பிலிருந்து அவருக்குக் கடிதம் எழுதப் பலமுறை உட்கார்ந்திருக்கிறேன். அவர் மௌத்தானார், இறந்துபோனார் என்று கேள்விப்பட்ட வருடம்வரை, முதல் வரிக்கு மேல் ஒருநாளும் போனதில்லை. அந்த முதல் வரி, 'அன்புள்ள நானா.'