அறுபத்து மூணு மாஸ்டரும் ஒரு ரஷ்யத் தோளும்

கண்ணாலேயே மனிதனை அளந்துவிடக் கூடியவர் திருப்பூரில் ஒருவர்தான் இருந்தார். அவர் வாழ்நாளில் ஒரே ஒரு ஆளிடம்தான் தோற்றார். அந்த ஆள் ரஷ்யாவில் இருந்ததால் விஷயம் கம்பெனிக்கு வெளியே தெரியாமலே போயிருக்கும். மாஸ்டரே ஊரெல்லாம் சொல்லிவிட்டார்.

அருள்புரத்தில் நான் இங்கிலீஷ் கடிதங்கள் எழுதிக்கொண்டிருந்த பனியன் கம்பெனியில் அவர் பேட்டர்ன் மாஸ்டர். சட்டையின் ஒவ்வொரு துண்டுக்கும் அட்டையில் அளவு வெட்டித் தருகிற வேலை. கழுத்தில் எந்நேரமும் இஞ்ச் டேப் தொங்கும். அதை ஒரு ஆள்மேல் வைத்து நான் பார்த்ததில்லை. கல்யாண வீட்டில் மாப்பிள்ளையை ஒரு தரம் பார்ப்பார். "முப்பத்தெட்டுங்க. வயித்துக்கு மட்டும் நாப்பது" என்பார். மாப்பிள்ளை போட்டோவுக்குச் சிரிப்பதை நிறுத்திவிட்டு வயிற்றை உள்ளே இழுத்துக்கொள்வார். ஒருமுறை பஸ்ஸில் பக்கத்தில் நின்ற போலீஸ்காரரிடம், "உங்களுக்குத் தெச்சவன் வலது கையில அரை இஞ்ச் ஏமாத்திட்டானுங்க" என்றார். பல்லடம் வரும்வரை அந்தப் போலீஸ்காரர் தம் இரண்டு கைகளையும் நீட்டி நீட்டி ஒப்பிட்டுக்கொண்டே வந்தார்.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய முதல் சில வருடங்களில் அந்த ரஷ்ய ஆர்டர் வந்தது. ஐஸ் ஹாக்கி குழு ஒன்றின் ரசிகர்களுக்கு டி-ஷர்ட். குழுவின் முன்கள வீரர், கோல் அடிக்கிறவர், அறுபத்து மூன்றாம் எண் போட்டவர். அவருக்கு மட்டும் அன்பளிப்பாக முழுக்கைச் சட்டை ஒன்று அனுப்பலாம் என்று எங்கள் மேனேஜருக்கு ஆசை வந்தது. அளவு கேட்டு எழுதட்டுமா என்றேன். மாஸ்டருக்கு முகம் சிவந்துவிட்டது.

"போட்டோ வந்திருக்குதல்லங்க சார்? அப்புறம் என்னத்தைங்க கேக்கறது?"

போட்டோவில் பனித்தரைமேல் கையில் மட்டையோடு ஒரு மலை நின்றது. தோள் வீட்டு நிலையை இடிக்கும்போல் இருந்தது. மாஸ்டர் நெடுநேரம் பார்த்தார். "ஏனுங்க சார், அந்த ஊர்ல காலையில என்னதானுங்க திங்கறாங்க?" என்று கேட்டுவிட்டு வெட்ட உட்கார்ந்தார். தைத்து முடித்த சட்டையைச் செக்கிங் மேஜையில் விரித்தபோது மேஜை தெரியவில்லை.

"மாஸ்டர், இது சட்டைங்களா, சாமியானாங்களா?" என்றாள் அங்கிருந்த ஒரு பெண்.

"கண்ணு, நீ நூல் பிசிறை வெட்டு. ஆளை நான் பாத்துக்கறேன்."

ஆர்டர் கொடுத்த பையர் ரஷ்யாவிலிருந்து பதில் எழுதினார். வீரர் மிகவும் நன்றி சொன்னாராம். ஆனால் அவர் சாதாரண உடம்புக்காரர். எதிரணி ஆட்கள் பாய்ந்து வந்து சுவரோடு வைத்து மோதுகிற விளையாட்டு என்பதால், தோளிலும் மார்பிலும் கனத்த கவசம் கட்டி அதன்மேல் சட்டை போடுவார்கள். நாங்கள் அனுப்பியதில் அவரும் அவர் மனைவியும் சேர்ந்தே நுழைந்து பார்த்தார்களாம். சட்டையைக் குழுவின் அலமாரியில் நினைவாக வைத்திருக்கிறார்களாம். நான் தமிழில் படித்துச் சொல்ல, தையல் மெஷின்கள் எல்லாம் நின்று ஹாலே சிரித்தது. மேனேஜர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மாஸ்டர் மட்டும் கழுத்திலிருந்த டேப்பைச் சுருட்டிப் பைக்குள் போட்டார்.

அன்றிலிருந்து யாருக்கும் அளவு சொல்ல மறுத்தார். கேட்டால், "மொதல்ல அந்த அறுபத்து மூணு என்ன அளவுன்னு தெரியட்டுங்க. அதுவரைக்கும் என்ற கண்ணை நானே நம்பறதில்லீங்க" என்பார். 'அறுபத்து மூணு மாஸ்டர்' என்று பெயர் ஒட்டிக்கொண்டது. "நம்ம கோயில்ல அறுபத்து மூணு பேரு நிக்கறாங்க, மாஸ்டருக்கு ஒருத்தரே அறுபத்து மூணு" என்று டீக்கடை வரை பேச்சு.

ஞாயிறுதோறும் என்னை, பக்கத்தில் ஸ்டெல்லா என்ற பெண் நடத்திய பிரௌசிங் சென்டருக்கு இழுத்துப் போவார். வீரரைக் கவசமில்லாமல் ஒரு படத்தில் பார்த்துவிட வேண்டும். வேறு நோக்கம் இல்லை. ஸ்டெல்லா படம் தேடுவாள், நான் செய்தி படிப்பேன், மாஸ்டர் திரையில் மூக்கு இடிக்க உட்காருவார். ரஷ்யர்கள் லேசில் துணியைக் குறைக்கிறவர்கள் இல்லை. வீரர் மீன் பிடிக்கும் படம்: கம்பளிக் கோட்டு. கல்யாணப் படம்: கோட்டு சூட்டு. "கோட்டுத் தோள்ல பஞ்சு வெப்பாங்க, நம்பக் கூடாதுங்க" என்றார் மாஸ்டர். ஒரு கோடையில் கடற்கரைப் படம் கிடைத்தது. கழுத்துவரை தண்ணீருக்குள் நின்றார்.

"ஏனுங்கண்ணா, பொண்ணு பாக்கறவங்ககூட இத்தனை போட்டோ கேக்க மாட்டாங்க" என்றாள் ஸ்டெல்லா.

இப்படித் தேடியதில் அந்த மனிதரின் பிழைப்பு முழுவதும் எங்களுக்குத் தெரிந்துபோயிற்று. நன்றாக ஆடினார், அமெரிக்கக் குழு ஒன்று அழைத்துக்கொண்டது. அங்கே பாதி ஆட்டங்களுக்கு வெளிப்பெஞ்சில் உட்கார வைத்தார்கள். "கூட்டிட்டுப் போய் உக்கார வெக்கறதுக்கு எதுக்குங்க கூட்டிட்டுப் போகோணும்?" என்று மாஸ்டர் என்னிடம் சண்டைக்கு வந்தார். பிறகு முழங்கால் முறிந்தது. ஆஸ்பத்திரிப் படத்திலும் கழுத்துவரை போர்வை. ஆனால் அன்று அளவைப் பற்றி மாஸ்டர் பேசவில்லை. "கால் கூடிருமுங்களா சார்?" என்று மட்டும் கேட்டார்.

கால் கூடியது. வேகம் திரும்பவில்லை. வீரர் பழைய குழுவுக்கே வந்து, சில வருடம் ஆடி, ஓய்வு பெற்றார். அந்தக் கடைசி ஆட்டத்தின் படத்தைப் பையரே எங்களுக்கு அனுப்பினார். ஆட்டம் தொடங்குமுன் வீரர் தனியே மைதானத்தைச் சுற்றி வந்து விடைபெற்றாராம். அதற்கென்று அலமாரியிலிருந்து ஒரு சட்டையைக் கேட்டு வாங்கிக் கவசத்தின்மேல் போட்டுக்கொண்டாராம். எங்கள் சாமியானா. தோளில் ஒரு சுருக்கம் இல்லை, கையில் ஒரு இழுப்பு இல்லை. அச்சில் வார்த்ததுபோல் நின்றது.

மேனேஜர் நாற்காலியை விட்டு எழுந்தார். "மாஸ்டர், நாங்கதானுங்க தப்பாச் சிரிச்சிட்டோம். உங்க கண்ணு சரியாத்தானுங்க பாத்திருக்குது!" ஹாலுக்கே பன்னும் டீயும் வந்தன.

மாஸ்டர் டீயைத் தொடவில்லை. படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சட்டை சரிங்க. ஆனா எடது தோள் முக்கால் இஞ்ச் எறங்கி நிக்குதுங்க சார். கவசத்தைத் தாண்டித் தெரியுது. அழுதிருப்பாருங்களோ?"

மாஸ்டர் பையிலிருந்து டேப்பை எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டார். பிறகு பல வருடங்களுக்கு அப்புறம் முதல் தடவையாக என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"எளைச்சு முப்பத்தாறுக்கு வந்துட்டீங்க. நல்லா இருந்த ஒடம்பு. ஊட்ல ஏதாச்சும் சங்கடமுங்களா?"

இருந்தது. யாரிடமும் நான் சொல்லியிருக்கவில்லை.

இன்றும் கடைக்குச் சட்டை வாங்கப் போனால், சைஸ் கேட்கிற பையனுக்குப் பதில் சொல்லுமுன் ஒரு நொடி நிமிர்ந்து நிற்கிறேன், யாராவது பார்த்துச் சொல்லட்டும் என்று.