அவிநாசிபாளையத்து நான்காம் நட்டு

எண்டிசையும் செவிசாய்ப்பதாக. கரூர்ச் சாலையில் தேங்காய்ப் பருப்பு சுமந்து விரையும் லாரிகள் தம் காற்றொலிப்பான்களைக் கணநேரம் அடக்குவனவாக. தாராபுரம் பேருந்தின் நடத்துநர் தம் சில்லறைப் பூசலைச் சற்றே ஒத்திவைப்பாராக. ஏனெனில் இங்கே புகழப்படுபவன் ராசப்பன்: கிரீஸ் கமழ் கரத்தினன், டீசல் தோய் தோளினன், வண்டிகளின் அடிவயிற்றின் கீழ் மல்லாந்து கிடந்தே உலகை அளந்த உத்தமன், தான் முடுக்கிய நட்டை மூவுலகிலும் ஒருவர் கழற்றவொண்ணாத் தனிப்பெருந்திறலோன். அவிநாசிபாளையம் நாற்சந்திக்குக் கிழக்கே, தகரக் கூரையும் இரண்டு ஜாக்கியும் ஒரு கால் ஆடும் பெஞ்சும் எல்லைகளாக விரிந்த ‘ராசா கார் ஒர்க்ஸ்’ என்னும் பேரரசை இருபத்திரண்டு ஆண்டுகளாக ஒரு குடைக்கீழ் ஆண்டுவருபவன். அக்குடை மழையில் ஒழுகும் என்பது வேறு விஷயம்.

அக்கோமகன் ஏந்திய படைக்கலமோ, வயரின் தளையறுத்து, பேட்டரியின் வீரியத்தால் சுழன்று, சுழற்சியினூடே சுத்தியலென மோதி, நட்டுகளின் இறுமாப்பை நொறுக்கும் இம்பாக்ட் ரென்ச் என்னும் அசுர யந்திரம். அதிலும் முழு அளவினது. மூன்று கிலோ எடையும் முழங்கை நீளமும் உடையது. பட்டறையில் அதன் பெயர் வெறும் ‘பெரிய கன்’. கூரியர்காரர் அதனை இறக்கிவைத்த அன்றே ராசப்பன் தேங்காய் உடைத்து, அதன் முதுகில் மூன்று விரல் திருநீறு தீட்டி, காற்றுத் துளைக்குள் கொஞ்சம் போய்விடும் அளவுக்குத் தாராளமாகக் குங்குமமும் வைத்தான். பெட்டியின்மேல் ‘ஆயிரம் நியூட்டன் மீட்டர்’ என்று அச்சிட்டிருந்தது. நியூட்டன் மீட்டர் என்றால் என்னவென்று அவன் கேட்கவில்லை. ஆயிரம் என்றால் என்னவென்று அவனுக்குத் தெரியும்.

பெருவீரர் ஒருவர் தோன்றுமிடத்தில் மறுத்துப் பேச ஒருவர் தோன்றுவது இயற்கை. அவன் தரணீதரன், ராசப்பனின் மனைவிக்குத் தம்பி, பட்டறையில் சரிபாதிக் கூட்டாளி, டிப்ளமோ படித்த குற்றத்தை இன்றளவும் மன்னிக்கப்படாதவன். அவன் வாங்கியது அடக்க அளவுக் கருவி. ஒன்றரைக் கிலோ, சாண் நீளம், முந்நூறே நியூட்டன் மீட்டர். அதன் பெயர் ‘சின்ன கன்’. அதற்கு யாரும் தேங்காய் உடைக்கவில்லை.

இவ்விரு சித்தாந்தங்களும் நாற்பது நாட்களாகப் பக்கத்து டீக்கடையில் மோதின. டீக்கடை ஆத்தப்பன் கடைக்கூட்டம் கலையாதிருக்க வேண்டியே இருபுறமும் தலையாட்டினார்.

“ஒத்தைக் கையில தூக்கிக் காமிங்க மச்சான்,” என்பான் தரணீதரன்.

“எதுக்கு மாப்ள, மொட்டையடிச்சுக் காது குத்தறதுக்கா?” என்பான் ராசப்பன்.

“இடுக்குல போவோணுமுங்களே.”

“இடுக்குல போறதுக்கு எலி இருக்குது. நமக்கு நட்டு கழரோணும்.”

தத்துவம் இவ்வாறு தழைத்தோங்க, பேரரசோ தேய்ந்துகொண்டிருந்தது. சாலைக்கு எதிர்ப்புறம் கண்ணாடிச் சுவரும் குளிரூட்டிய காத்திருப்பறையும் இலவசக் காபியும் கொண்ட சர்வீஸ் சென்டர் ஒன்று எழும்பிய நாள்முதல், ராசா கார் ஒர்க்ஸின் முற்றத்தில் கார்களைவிடக் கோழிகளே அதிகம் நின்றன. இத்துயர் துடைக்க வல்லவை ஒன்பது வேன்கள். திருப்பூரில் பனியன் ஏற்றுமதி நிறுவனம் ஒன்று, தொழிலாளர்களை ஏற்றி இறக்கும் தன் ஒன்பது வேன்களையும் நிரந்தரமாக ஒப்படைக்க ஒரு பட்டறை தேடியது. அவை வந்தால் தகரக் கூரை நிற்கும். வராவிட்டால் மறுமாதமே மச்சானும் மாப்பிள்ளையும் எதிர்ப்பக்கக் கண்ணாடிச் சுவருக்குள் கழுத்தில் அடையாள அட்டை தொங்க, வருகிறவர்களுக்குக் காபி வேண்டுமா என்று கேட்டுக்கொண்டிருக்க வேண்டும்.

அந்த நிறுவனத்தின் முதலாளி, தேர்ந்தெடுக்கும் பொறுப்பைச் சத்யப்பிரியாவிடம் விட்டிருந்தார். அவள் அங்கே தரச் சோதனைத் தலைவி. ஆயிரம் பனியனில் ஒரு தையல் தவறினால் ஆயிரத்தையும் திருப்பியனுப்பும் அறத்தினள். நூற்பிசிறு நடுங்கும் நோக்கினள். சென்ற மாதம் அவளது சொந்தக் கார் ராசப்பனிடம் சர்வீஸுக்கு வந்து போயிருந்தது. அந்தக் காரின் பதினாறு சக்கர நட்டுகளைத்தான் ராசப்பன் தன் புதுப் படைக்கலத்தின் கன்னிப்போராக, அது கதறும்வரை முடுக்கி மகிழ்ந்திருந்தான்.

செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு அந்தக் கார் மீண்டும் வந்து நின்றது. கோழிகள் வழிவிட்டன.

“வாங்க அம்மணி, வாங்க. வேன் விசயமுங்களா?” என்றான் ராசப்பன்.

சத்யப்பிரியா, பெஞ்சின்மேல் கை துடைப்பதற்காகக் குவித்திருந்த பனியன் வேஸ்ட்டில் ஒரு துண்டை எடுத்து, வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, ஓட்டை பார்த்து, கீழே வைத்தாள். பழக்கம்.

“போன தடவை வீல் நட்டு முடுக்குனது யாருங்க?”

கேள்வி அல்ல அது. காதில் பாய்ந்த தேன். நாற்பத்தேழு ஆண்டு வாழ்வில் தன்னை நோக்கி எவரும் கேட்டிராத அந்த வினாவைக் கேட்டதும், பௌர்ணமிக் கடலென அவன் மார்பு பொங்கியது.

“நானேதானுங்க அம்மணி. புதுக் கன்னுல போட்டது. நம்ம கை பட்டா லேசுல கழராதுங்க.”

“கழரலீங்க,” என்றாள் சத்யப்பிரியா.

பின்னர் அவள் உரைத்த வரலாறு வருமாறு: ஞாயிறன்று வெள்ளகோவிலில் ஒரு கல்யாணத்துக்குப் போகையில், காங்கேயம் தாண்டி முன்பக்க இடது சக்கரம் பஞ்சரானது. ஸ்டெப்னி இருந்தது, ஜாக்கி இருந்தது, ஸ்பேனரும் இருந்தது. நட்டு அசையவில்லை. வழியே வந்த இருவர் முயன்று இடுப்பைப் பிடித்துக்கொண்டார்கள். ஒரு லாரி டிரைவர் ஸ்பேனரின்மேல் ஏறி நின்று குதித்தார், ஸ்பேனர் வளைந்தது. கடைசியில் பஞ்சர் கடைக்காரர் ஒருவர் மொபெட்டில் வந்து, சக்கரத்தைக் கழற்றாமலே ஓட்டையை அடைத்தார். மண்டபத்தை அவள் அடைந்தபோது எச்சில் இலை எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

“ஷிப்ட் முடிஞ்சு முப்பது புள்ளைங்க வேன்ல வருவாங்க. நடு ரோட்டுல பஞ்சர் ஆச்சுன்னா டிரைவர் கழட்டோணும். ஒவ்வொரு வேன்லயும் உங்களையும் உக்கார வெச்சா கூட்டிட்டுப் போக முடியும்?” என்றாள். “இப்பக் கழட்டிக் காட்டுங்க பாக்கலாம்.”

தான் பெற்ற பிள்ளையே பகைவனாக எதிரே நிற்கக் கண்ட மன்னர்கள் பலர். தான் முடுக்கிய நட்டே எதிரே நிற்கக் கண்ட மன்னன் இவன் ஒருவனே.

முதலில் களம் புகுந்தவன் தரணீதரன். “மச்சான், பெருசு வேண்டாம், போல்ட்டு தாங்காது,” என்று எச்சரித்துவிட்டு, சாண் நீளக் கருவியை ஒற்றைக் கரத்தில் ஏந்தி, முதல் நட்டின்மேல் ஊன்றி விசையை அழுத்தினான். ‘டரரரர’ என்று அது முழங்கிற்று, முழங்கிற்று, முழங்கிக்கொண்டே இருந்தது. வேட்டைநாய் ஒன்று கற்றூணைக் கவ்விக் குதறுதல் போன்றும், கொசு ஒன்று எருமையொடு வழக்காடுதல் போன்றும் நிகழ்ந்த அப்பெரும்போரில், சீரில் குறைவு கண்டு முகம் திருப்பி உட்கார்ந்த தாய்மாமனைப் போல அந்த நட்டு அசையாது அமர்ந்திருந்தது. பேட்டரியின் விளக்கு மூன்றிலிருந்து ஒன்றானது.

“ஒதுங்கு மாப்ள.”

எழுந்தது பெருங்கருவி. திருநீறு துலங்க, குங்குமம் சிவப்ப, இரு கரத்தும் ஏந்தி இடுப்பொடு அணைத்து, பிளவுண்ட மலையென மண்டியிட்டான் ராசப்பன். ஓரிடி. முதல் நட்டு உருண்டது. மற்றோரிடி. இரண்டாவது வீழ்ந்தது. மூன்றாவது தானே அஞ்சி இறங்கியது போல வந்துவிட்டது. கோழிகள் தாராபுரம் திசையில் ஓடின. டீக்கடைக் கண்ணாடித் தம்ளர்கள் தாமாக ஆடின. எதிர்ப்பக்கக் கண்ணாடிச் சுவருக்குள்ளிருந்து சீருடை அணிந்த இருவர் எட்டிப்பார்த்தனர். அதைக் கண்ட ராசப்பன் நான்காவதை அவர்களுக்காகவே நிகழ்த்த எண்ணினான். விசையை அடிவரை அழுத்தினான். விண்ணதிர ஓர் ஓசை. நான்காம் நட்டும் அகப்பட்ட கருவியை, பகைவன் தலை கோத்த வேலெனத் தலைக்குமேல் உயர்த்தி, சாலையின் இருபுறமும் காணுமாறு திருப்பிக் காட்டினான்.

“ராசப்பா,” என்றார் ஆத்தப்பன், டீ ஆற்றுவதை நிறுத்தாமலே, “நட்டுக்குள்ள இன்னொண்ணும் சேந்து வந்துருக்குதாட்ட.”

சேர்ந்து வந்திருந்தது பாதிப் போல்ட். மீதிப் பாதி சக்கரத்தின் நடுவில் மொட்டையாக நின்று பளபளத்தது.

வெற்றியும் வீழ்ச்சியும் கருவியின் ஒரே சாக்கெட்டு வாய்க்குள் கிடந்த அந்தக் கணத்தில், சத்யப்பிரியா கைப்பையிலிருந்து சின்ன நோட்டு ஒன்றை எடுத்து ஒரு வரி எழுதினாள். ஆயிரம் நியூட்டன் மீட்டரைவிட அந்தப் பேனாவுக்குக் கனம் அதிகம் என்பது ராசப்பனுக்குத் தெரிந்தது.

புதுப் போல்ட், இறைவன் அருளால், பழைய பிஸ்கட் டின்னின் அடியில் கிடைத்தது. அதைப் பூட்டச் சக்கரம் நீக்கி, பிரேக்கைப் பிடித்திருக்கும் இரு போல்ட்டுகளைப் பின்புறத்தில் கழற்ற வேண்டும். ராசப்பன் பெருங்கருவியை உள்ளே செலுத்தினான், தலை இடித்தது. சரித்தான், வால் இடித்தது. மேலிருந்தும் கீழிருந்தும் வடகிழக்கிலிருந்தும் முயன்றான். கோபுர வாயிலில் புக வேண்டிய யானை குருவிக்கூட்டின் வாயிலில் நின்று பிளிறுவது எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. தரணீதரன் வேறு பேட்டரி மாட்டிய சாண் நீளக் கருவியோடு அவனருகே குந்தி, கையை உள்ளே விட்டு, இரண்டு ‘டர்’ரில் இரண்டு போல்ட்டையும் எடுத்து வெளியே வைத்தான். எலியைப் பற்றி அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. நாற்பது நாள் பேசியதைவிட அது கொடுமையாக இருந்தது.

புதுப் போல்ட் ஏறியது, பிரேக் பூட்டப்பட்டது, சக்கரம் அமர்ந்தது. ‘கழற்றியது யார்’ என்று பெரியதும், ‘காப்பாற்றியது யார்’ என்று சின்னதும் வாய்திறவாமலே வாதாடிக்கொண்டிருக்க, ராசப்பன் தன் புகழின் மிச்சத்தைத் திரட்டி, நான்கு நட்டுகளையும் இறுதியாக முடுக்கும் பொருட்டுப் பெருங்கருவியை மீண்டும் உயர்த்தினான்.

“வைங்க கீழ,” என்றாள் சத்யப்பிரியா.

வைத்தான். அவள் டிக்கியைத் திறந்து, வளைந்ததற்குப் பதில் நேற்று வாங்கியிருந்த புது ஸ்பேனரை எடுத்து நீட்டினாள். “கையில முடுக்குங்க. மிதிக்க வேண்டாம், குதிக்க வேண்டாம்.”

இருபத்திரண்டு ஆண்டுப் பேரரசன் கையால் முடுக்கினான். உடனே அவள் துப்பட்டாவை இடுப்பில் செருகிக்கொண்டு குந்தி, அதே ஸ்பேனரால் ஒன்றைத் தானே கழற்றினாள். ‘கிர்’ என்றது. இரண்டாவது. மூன்றாவது. புதுப் போல்ட்டில் இருந்த நான்காவதும் ‘கிர்’ என்றது.

“திரும்ப முடுக்கீருங்க. இது சாம்பிள். ஓகே,” என்றபடி எழுந்தாள். “மீதி மூணு வீலு பல்க், மொத்தச் சரக்கு. பன்னெண்டு நட்டையும் கழட்டிக் கையில முடுக்குங்க, ஒண்ணு விடாம நான் செக் பண்ணுவேன். இன்னொரு போல்ட்டு ஒடைஞ்சா பல்க் ரிஜெக்ட். சாம்பிளாட்டவே வந்துச்சுன்னா வியாழக்கிழமை ஒரு வேன் அனுப்பறேன். அதுவும் சரியா இருந்தா மீதி எட்டும்.”

“ஏனுங்க அம்மணி, இருபத்திரண்டு வருசமா இதே தொழிலுங்க. நமக்குப் போயிச் சாம்பிளா?”

“எங்க கம்பெனி முப்பது வருசமுங்க. இன்னும் சாம்பிள் காட்டித்தான் ஆர்டர் வாங்கறோம்.”

ராசப்பன் பெரிய கன்னைப் பார்த்தான். அது இன்னொரு போல்ட்டை முறிக்கும். சின்ன கன்னைப் பார்த்தான். அது பொழுது சாயும்வரை டரரரர என்று சொல்லிக்கொண்டிருக்கும். எதிர்ப்பக்கத்தைப் பார்த்தான். சீருடை அணிந்த இருவரும் இலவசக் காபி குடித்துக்கொண்டே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“மாப்ள,” என்றான், குரலைத் தாழ்த்தி, “அந்தப் பழைய பைப்பு எங்க கெடக்குது?”

“கோழிக் கூண்டுக்கு முட்டுக் குடுத்துருக்குதுங்க மச்சான்.”

“எடுத்துட்டு வா.”

அதன்பின் நிகழ்ந்ததை ஆயிரம் நாவுடையோனும் உரைக்க மாட்டான்: திருநீறணிந்த பெருங்கருவி பெஞ்சின்மேல் துயில, சாண் நீளக் கருவி சார்ஜரில் ஓய, கோழி எச்சம் உலர்ந்த நான்கடி இரும்புக் குழாயை ஸ்பேனரின் வாலில் செருகி, அதன் நுனியை உத்தமன் பற்றித் தொங்க, உத்தமனை மைத்துனன் பற்றி அழுத்த, ஒவ்வொரு நட்டும் தன் நாற்பது நாள் வைராக்கியத்தை நீண்ட ஓலத்தோடு கைவிட, கழன்றது ஒவ்வொன்றும் கைவலிமையளவே முடுக்கப்பட, முடுக்கியது ஒவ்வொன்றையும் நூற்பிசிறு நடுங்கும் நோக்கினள் தன் கையால் கழற்றித் தேர்ந்து மீண்டும் முடுக்கப் பணிக்க, ஆத்தப்பன் வைத்த டீ மூன்று முறை ஆறி மூன்று முறை மாற, போன கோழிகள் திரும்பி வந்து கூண்டு சாய்ந்திருப்பது கண்டு திகைக்க, உச்சி வெயில் கூரை விட்டு இறங்கி மேற்கே நடக்க, பன்னிரண்டாம் நட்டும் ‘கிர்’ என்று கழன்று மீண்டும் அமர, அவள் பனியன் வேஸ்ட்டில் கைதுடைத்து, நோட்டில் மற்றொரு வரி எழுதி, என்ன எழுதினாள் என்று காட்டாமலே காரைக் கிளப்பிப் போக, பேரரசனும் அவன் மைத்துனனும் தகரக் கூரைக்கடியில் எழுந்து நிற்கவும் திராணியற்று இரண்டு நாள் சாலையையே நோக்கியிருந்தனர்.

வியாழக்கிழமை ஒரு வேன் வந்தது.