பன்னிரண்டு ஜோடி தோமே

தொகுஜி தன் மனைவி தோமேயைக் கடைசியாக உயிரோடு பார்த்தது ஒரு செவ்வாய்க்கிழமை. ஆஸ்பத்திரியின் மூன்றாவது மாடியில், மதியச் சாப்பாட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு போன பிறகு. வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. தொப்பியைக்கூடக் கழற்றாமல் அவர் சேதியைச் சொன்னார்.

"இந்த வருஷத்துப் பேரு முடிவாயிடுச்சு. கஷிவாகிகிட்ட பன்னிரண்டு ஜோடி சொல்லிட்டு வந்துட்டேன்."

"என்ன பேரு?"

"தோமே."

அவள் சிரிக்க ஆரம்பித்தாள். மூக்கிலிருந்த குழாய் நழுவி, நர்ஸ் வந்து மறுபடி செருகும்வரை சிரித்தாள்.

"என்னங்க, யாருங்க வைப்பாங்க இந்தப் பேரை?"

"வைப்பாங்க. பழைய பேரெல்லாம் திரும்பி வருது. நான் எல்லாம் யோசிச்சுத்தான் சொல்லியிருக்கேன்."

"சரி. ஆனா சொல்றதுக்கு நான் இருக்க மாட்டேனே."

நோயாளிப் பேச்சு என்று அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நான்கு மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டியிருந்தது. ஜன்னல் திரையை இழுத்துவிட்டுப் போகச் சொன்னாள். இழுத்துவிட்டுப் போனார். அவர் ஊர் போய் இறங்கியபோது பக்கத்து மீன்கடைக்காரர் குடையோடு பஸ் நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்திருந்தது.

அவள் சொன்ன கடைசி வாக்கியத்தில் என்ன இருந்தது என்று தெரிய அவருக்கு மேற்கொண்டு ஒரு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. அதைச் சொல்வதற்கு முன் குச்சியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அந்தத் துறைமுக ஊரில் தொகுஜி வைத்திருந்தது சாப்பாட்டுக் குச்சிக் கடை. பெரியவர்களுக்கு நீளக் குச்சி, பெண்களுக்குக் கொஞ்சம் குட்டை, பிள்ளைகளுக்குச் சாண் அளவு. இவையெல்லாம் எந்தக் கடையிலும் கிடைக்கும். தொகுஜியின் பெருமை நூறாம் நாள் குச்சி.

பிறந்த நூறாம் நாள் குழந்தைக்கு முதல் சோறு ஊட்டுவார்கள். சிவப்பரிசிச் சோறு, தலையும் வாலும் உள்ள முழு மீன், பல் உறுதியாக வளர ஒரு கூழாங்கல். குடும்பத்தில் மூத்தவர் புதுக் குச்சியால் ஒவ்வொன்றையும் தொட்டுக் குழந்தையின் உதட்டில் வைத்து எடுப்பார். குழந்தை எதையும் தின்னாது. அழும், அல்லது தூங்கிவிடும். ஆனாலும் குச்சி புதிதாக இருக்க வேண்டும், குழந்தையின் பெயர் அதில் இருக்க வேண்டும்.

மற்றக் கடைக்காரர்கள் குழந்தை பிறந்து, பெயர் வைத்து, தகப்பன் வந்து கேட்ட பிறகு, தயாராக இருக்கும் குச்சியை எடுத்துப் பொன்நிற அரக்கால் மேலே பெயரை எழுதிக் கொடுத்துவிடுவார்கள். அரை மணி நேர வேலை. தொகுஜிக்கு அது அவமானம். அவருடைய குச்சியில் பெயர் உள்ளே இருந்தது. சிப்பித் துண்டுகளால் மரத்தில் பெயரைப் பதித்து, அதன்மேல் அரக்கைப் பூசிக் காயவைத்து, மறுபடி பூசி, மறுபடி காயவைத்து, கடைசியில் தேய்க்கத் தேய்க்கப் பெயர் அடியிலிருந்து நிலா மாதிரி எழும்பி வரும். குச்சி ஒடிந்தாலும் பெயர் அழியாது.

ஒரே ஒரு சங்கடம். இதற்கு ஒரு வருஷம் ஆகும்.

குழந்தை வயிற்றில் இருப்பது பத்து மாதம். வெளியே நூறு நாள். ஆக, அது வயிற்றில் தங்குகிற வாரத்திலேயே அதன் பெயர் தொகுஜிக்குத் தெரிந்தாக வேண்டும். பெற்றவளுக்கே சேதி தெரியாத நேரத்தில். போதாததற்கு, அரக்கு வேலை செய்யும் கஷிவாகி ஒரு பெயருக்குப் பன்னிரண்டு ஜோடிக்குக் குறைந்து கையில் எடுக்க மாட்டார்.

"பேரைக் கேட்டுக்கிட்டு மேலேயே எழுதிக் குடுத்தா என்னங்க?" என்றாள் தோமே, அவர் இந்த யோசனையோடு வந்த முதல் நாளே.

"மேலே எழுதினா மூணு மாசத்துல அழிஞ்சிடும்."

"ஒரு நாள்தானே புள்ள வாயில வைக்கிறோம். அதுவும் பல்லு இல்லாத வாயி."

"அடுத்து எந்தப் பேரு வரும்னு எனக்குத் தெரியும். ஊரே ஒரே பேரைத்தான் வைக்கப்போகுது. நீ பாரு."

"பன்னிரண்டும் போகலைன்னா?"

"போகலைன்னா அன்னிலேருந்து மேலே எழுதறேன். தலை குனிஞ்சு எழுதறேன்."

"எழுதணும். பேச்சு மாறக் கூடாது."

அப்படித்தான் பந்தயம் ஆரம்பித்தது. பேர் கணிப்பதில் தொகுஜி யாரிடமும் பாடம் படித்தவர் அல்ல. தானே கற்றது. நகராட்சித் தாளில் வரும் பிறப்புப் பட்டியலைக் கத்தரித்து ஒட்டினார். காலை டிவித் தொடரில் கதாநாயகியின் பெயரைக் குறித்துக்கொண்டார். கதாநாயகி அழுகிற தொடர் என்றால் தள்ளிவிட்டார். தாய்மார்கள் அழுமூஞ்சிப் பெயரை வைக்க மாட்டார்கள் என்பது அவர் கட்சி. கோடையில் பள்ளிக்கூடங்களுக்கான பேஸ்பால் போட்டியில் பந்து வீசும் பையன்களின் பெயர்களைச் சேர்த்தார். விளைச்சல், புயல், மேயர் தேர்தல், எல்லாவற்றையும் பார்த்தார். இவ்வளவும் பார்த்துவிட்டு, முதல் வருஷம் அவர் சொன்ன பெயர் ஹோனமி. வயலில் நெற்கதிர் அலை அலையாகச் சாய்வது என்று அர்த்தம். ஊரில் ஒரு ஹோனமியும் கிடையாது.

கல்யாணமான புதிதில், பிறக்கப்போகும் பெண்ணுக்கென்று அவர்கள் பேசிவைத்த பெயர் அது. பெண் பிறக்கவில்லை, பையனும் பிறக்கவில்லை. தொகுஜி அந்தப் பெயரை எப்படிக் கண்டுபிடித்தார் என்று தோமே கேட்கவில்லை. நல்ல பேருதான் என்று மட்டும் சொல்லிவிட்டு, சோப்பையும் துண்டையும் எடுத்துக்கொண்டு பொதுக் குளியலறைக்குப் போனாள். நாலு மணிக்கு அவள் போகாத நாள் கிடையாது. போனால் ஆறு மணி வரை வர மாட்டாள். அப்படி என்ன அழுக்கு என்று தொகுஜி கேட்பார்.

அடுத்த வருஷம் குச்சி வந்தது. பின்னாலேயே ஹோனமிகள் வந்தார்கள். முதலில் பள்ளி வாத்தியார் வீட்டில் ஒன்று. அப்புறம் படகுக்காரர் வீட்டில். அப்புறம் வாரத்துக்கு ஒன்று. பன்னிரண்டு ஜோடியும் போய்ப் பதின்மூன்றாவதாக வந்த பாட்டியைத் தொகுஜி வெறுங்கையோடு அனுப்ப வேண்டியதாயிற்று. நாலு வருஷம் கழித்து, பாலர் பள்ளி ஓட்டப் பந்தயத்தில் டீச்சர் ஒரு ஹோனமியைக் கூப்பிட, ஆறு பேர் ஓடிவந்து ஒருவர்மேல் ஒருவர் விழுந்தார்கள். தொகுஜி கை தட்டிய தட்டலில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மேயர் திரும்பிப் பார்த்தார்.

"தோத்துட்டியா?" என்றார் வீட்டுக்கு வரும் வழியில்.

"தோத்துட்டேங்க," என்றாள் தோமே.

பையன் பெயரும் அப்படித்தான். ரியோஹே என்று ஒரு வருஷம் சொன்னார். ஆண்பிள்ளைக்குப் பெயர் வைப்பது அந்த ஊரில் தாத்தாக்களின் அதிகாரம். தாத்தாக்கள் பிடிவாதக்காரர்கள். சொல்லிவிட்டோமே என்று அவருக்கே உள்ளூர உதறல். ஆனால் ஒரு மாதம் போனதும், ஆண்கள் குளியலில் அவர் தலைக்குச் சோப்புப் போட்டுக் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தபோது, வெந்நீர்த் தொட்டிக்குள்ளிருந்து மீன்கடைக்காரர் குரல் கேட்டது. ரியோஹே, என்ன கம்பீரமான பேரு என்றார். இன்னொரு தாத்தா ஆமாம் போட்டார். மூன்றாமவர் தன் பேரனுக்கு அதேதான் என்றார். தொகுஜிக்குக் கண்ணில் சோப்பு போனதே தெரியவில்லை. ஆண்கள் பக்கத்துக்கும் பெண்கள் பக்கத்துக்கும் நடுவே, இரண்டு பக்கமும் தெரியும் உயரப் பலகையில், காசு வாங்கும் ஒகினு உட்கார்ந்திருந்தாள். அவள் அன்றைக்கு எதற்கோ வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். பல்வலி என்று தொகுஜி நினைத்தார்.

இப்படி இருபத்தாறு வருஷம். பக்கத்து ஊர்க் கடைக்காரர் ஒருவர் தொகுஜியை நம்பி அதே பெயர்களை அதே வருஷங்களில் கஷிவாகியிடம் சொல்லிச் செய்யவைத்தார். அவர் கடையில் ஒரு ஜோடிகூடப் போகவில்லை. எங்க ஊர்ல மருந்துக்கும் ஒரு ஹோனமி இல்லையே, அண்ணே, என்று வந்து புலம்பினார். நாகரிகம் உங்க ஊருக்கு வந்துசேர நாளாகும் என்று தொகுஜி அவரைத் தேற்றி அனுப்பினார். உள்ளே மீன் வறுத்துக்கொண்டிருந்த தோமே அடுப்பை அணைத்துவிட்டு, சிரிப்பதற்காகக் கொல்லைப்பக்கம் போனாள் என்பது அவருக்குத் தெரியாது.

தோமே தனக்கென்று கேட்டது ஒரே ஒரு தடவை. அவள் வீட்டில் ஐந்தாவது பெண். போதும், இதோடு நிற்கட்டும் என்று அவள் அப்பா வைத்த பெயர். தோமே என்றால் நிறுத்து. அவளுக்குப் பின்னால் இன்னும் இரண்டு பெண்கள் பிறந்தார்கள். அந்தத் தலைமுறையில் ஊருக்கு நாலு தோமே இருந்தார்கள். இப்போது யாரும் வைப்பதில்லை.

"எனக்கு ஒரு ஜோடி போடுங்களேன். என் பேர்ல."

"கஷிவாகி ஒரு ஜோடி போட மாட்டாரே. பன்னிரண்டு போடணும்."

"போடட்டும்."

"மீதி பதினொண்ணை யாரு வாங்குவா? கடல் வத்தினாலும் இந்தப் பேரு திரும்ப வராது, தோமே."

"மேலே எழுதியாச்சும் குடுங்க."

"நான் மேலே எழுதறதில்லை."

அவள் அதோடு விட்டுவிட்டாள். தொகுஜிதான் விடவில்லை. அவள் ஆஸ்பத்திரிக்குப் போன வாரம், கத்தரித்து ஒட்டிய தாள்களையெல்லாம் பரப்பிவைத்து உட்கார்ந்தார். பழைய பெயர்கள் திரும்புகின்றன என்பதற்கு அவற்றில் ஒரு அடையாளமும் இல்லை. மூடிவைத்துவிட்டு கஷிவாகியிடம் போனார். ஆஸ்பத்திரியில் அவர் சொன்னது அவர் வாழ்நாளில் தெரிந்தே தவறாகச் சொன்ன ஒரே கணிப்பு.

குச்சிகள் மறு வருஷம் பிப்ரவரியில் வந்தன. அவள் ஆண்டு நினைவு முடிந்து மூன்றாம் நாள். பன்னிரண்டு ஜோடி, கருஞ்சிவப்பு அரக்கு, அடியில் சிப்பியில் அவள் பெயர். ஒரு ஜோடியை எடுத்துப் புத்தர் மாடத்தில் அவள் சோற்றுக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வைத்தார். பதினொன்றைக் கண்ணாடி அலமாரியில் முன்வரிசையில் அடுக்கினார்.

ஏப்ரலில் ஒரு பெண் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள். ஆறு மாத வயிறு. பள்ளி வாத்தியாரின் மகள் என்று முகத்தைப் பார்த்ததுமே தெரிந்தது. கல்யாணமாகிப் போனவள், பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்திருந்தாள்.

"தாத்தா, இந்த வருஷம் என்ன பேரு போட்டிருக்கீங்க?"

"எதுக்கும்மா கேக்கறே?"

"வைக்கிறதுக்குத்தான். குளியலுக்குப் போனேன். யாருக்கும் தெரியலை. ஒகினு பாட்டிதான் உங்களையே கேட்கச் சொன்னாங்க. தோமே பாட்டி இருந்தா அவங்களே வந்து சொல்லியிருப்பாங்களாம்."

"என்ன சொல்லியிருப்பா?"

"பேரைத்தான். புள்ளத்தாச்சி யாரு வந்தாலும் பாட்டி முதுகு தேச்சுவிடுவாங்களாமே. தேச்சுக்கிட்டே, எங்க வீட்டுக்காரரு பன்னிரண்டு ஜோடி சொல்லிட்டு வந்துட்டாரு, நீயாச்சும் ஒண்ணு வையேன்னு கேட்பாங்களாம். எனக்குக் காஸுமின்னு வைக்கத்தான் அம்மா நினைச்சிருந்தாங்க. பாட்டி முதுகு தேச்ச தேய்ப்புல ஹோனமியாயிட்டேன்."

தொகுஜி நாற்காலியைத் தேடினார். அது அவருக்குப் பின்னால்தான் இருந்தது.

"ரியோஹேகூடவா?" என்றார், உட்கார்ந்த பிறகு.

"அது எங்க தம்பி. எங்க தாத்தா அந்தப் பேருக்கு ஒத்துக்கலையாம். தோமே பாட்டி ஒகினு பாட்டிகிட்ட சொல்லி, அவங்க பலகைலேருந்து ஆம்பளைங்க பக்கம் சொல்லி, வீட்டுக்கு வீடு பொம்பளைங்க சோத்தைக் குறைச்சுத்தான் வழிக்குக் கொண்டுவந்தாங்களாம். ஏன் தாத்தா, உங்களுக்குத் தெரியாதா? ஊருக்கே தெரியுமே."

இருபத்தாறு வருஷம் பந்தயத்தில் தோற்பதற்காக அவள் தினமும் இரண்டு மணி நேரம் மற்றவர்கள் முதுகைத் தேய்த்திருக்கிறாள். அவர் அலமாரியைத் திறந்து ஒரு ஜோடியை எடுத்து அந்தப் பெண்ணின் கையில் வைத்தார்.

"இந்த வருஷம் இதும்மா."

ஹோனமி படித்தாள். திருப்பிப் பார்த்தாள். மறுபடி படித்தாள். இரண்டு கைகளாலும் மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தாள்.

"எனக்குப் பையன்தான் தாத்தா. டாக்டர் சொல்லிட்டாரு."

ஜூலையில் அவளுக்குப் பெண் பிறந்தது. ஹினா என்று பெயர் வைத்தார்கள். அந்த வருஷம் நாடு முழுக்க எங்கே பார்த்தாலும் ஹினாவாக இருந்ததாம். தொகுஜியின் எந்தத் தாளிலும் அந்தப் பெயர் இல்லை. நூறாம் நாளுக்கு ஒரு வாரம் இருக்கும்போது வாத்தியார் வந்து நின்றார். தொகுஜி ஒரு சிவப்புக் குச்சியை எடுத்துத் துடைத்து, மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பொன்நிற அரக்கில் மெல்லிய தூரிகையைத் தோய்த்து, தலையைக் குனிந்து, மேலே ஹினா என்று எழுதிக் கொடுத்தார். அரை மணி நேரம் ஆயிற்று.

அதன் பிறகு அவர் எல்லாருக்கும் மேலேதான் எழுதுகிறார். தோமே பதினொரு ஜோடி அலமாரியில் இருக்கிறது.