மேபல் மறுபடி உட்கார்ந்துவிட்டது

2019 மார்ச் 31, ஞாயிற்றுக்கிழமை. கலிபோர்னியாவில், மொஹாவி பாலைவனத்தின் டோலிவர் ஓடையில் பொதுமக்கள் கல் பொறுக்க அனுமதி இருந்த கடைசி நாள். மாலை ஐந்து மணிக்கு நுழைவாயில் கதவு பூட்டப்படும் என்று அறிவிப்புப் பலகையில் எழுதியிருந்தது.

டிரக்கை விட்டு இறங்கிக் கூப்பிடு தூரம்கூடப் போகவில்லை. மேபல் உட்கார்ந்துவிட்டது.

"என்னடி, அதுக்குள்ளயா?" என்றார் வெண்டல்.

தரையைத் தொடும் காதுகளும் குட்டைக் கால்களும் சாக்கு மூட்டை போன்ற உடம்பும் கொண்ட கிழட்டு நாய் அது. ஒரு முட்புதருக்குப் பக்கத்தில் பின்பக்கத்தை மண்ணில் அழுத்திப் பதித்துக்கொண்டு, பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்களைப் போல நிதானமாக அவரைப் பார்த்தது.

வெண்டல் பள்ளிக்கூட பஸ்களுக்கு மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். பஸ் நின்றால் ஏன் நின்றது என்று அரை மணியில் சொல்லிவிடுவார். நாய் நின்றால் என்ன செய்வது என்று அவருக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. பஸ்ஸுக்குச் செய்வதையே செய்தார். முதலில் தண்ணீர்.

கிண்ணத்தில் ஊற்றி வைத்தார். மேபல் கிண்ணத்தைப் பார்க்கவில்லை. அவர் முகத்தையும், அவர் கையில் இருந்த பிக்காசியையும் மாறி மாறிப் பார்த்தது.

"சேச்சே, உன்னை அடிக்கவா போறேன்?" என்று சொல்லி, பிக்காசியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

பிறகு சங்கிலியைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தார்.

அவருக்கு வேண்டியது ஒரே ஒரு கல். உள்ளங்கை அளவு ஜாஸ்பர் என்கிற மணிக்கல். சிவப்பாக, நடுவில் மஞ்சள் கோடு ஓடுகிற மாதிரி. அது போன ஆகஸ்டிலேயே அவர் கையில் இருந்திருக்க வேண்டியது.

ஆகஸ்டில்தான் அவர் மனைவி நோரீன் இறந்தாள். முப்பது வருடமாக இந்த ஓடைக்கு வந்துகொண்டிருந்தவள். வெண்டல் ஒருமுறைகூட அவளோடு வந்ததில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் டிவியில் கார் பந்தயம் இருந்தது.

ஆஸ்பத்திரியில் கடைசி வாரத்தில் அவள் சொன்னாள்: "என் கல்லறைக் கல்லுல உள்ளங்கை அளவு ஒரு குழி விடச் சொல்லு. டோலிவர்ல இருந்து சிவப்பு ஒண்ணு கொண்டாந்து அதுல வை."

"உன் சங்கத்து ஹார்லன்கிட்ட சொல்லிடறேன். அவன்கிட்ட இல்லாத கல்லா?"

"ஹார்லன் வேணாம். நீ போ. மேபலைக் கூட்டிட்டுப் போ."

நாய்க்கும் கொஞ்சம் காலாற நடந்த மாதிரி இருக்கட்டும் என்று நினைக்கிறாள் போலும் என்று வெண்டல் தலையாட்டினார்.

வீட்டிலேயே ஒரு கல்லை எடுத்திருக்கலாமே என்றால், அதில் ஒரு சிக்கல் இருந்தது. கராஜ் பக்கத்தில் நோரீன் இடுப்பு உயரத்துக்குக் கல் குவித்து வைத்திருந்தாள். அவள் தங்கை வீட்டுக்குப் போயிருந்த ஒரு வாரத்தில், அவளுக்குக் கார் நிறுத்தத் தளம் போட்டுத் தருகிறேன் என்று வெண்டல் அந்தக் குவியலை ஜல்லியாகப் பரப்பி மேலே கான்கிரீட் ஊற்றிவிட்டார். அவள் திரும்பி வந்ததும் கையைப் பிடித்து அழைத்துப்போய்க் காட்டினார். "நல்லா மட்டமா இருக்கு" என்று மட்டும் அவள் சொன்னாள். அதன் பிறகு சாகும்வரை காரைத் தெருவில்தான் நிறுத்தினாள்.

ஆகஸ்டில் வெயில் அதிகம் என்று வெண்டல் தள்ளிப்போட்டார். டிசம்பரில் காற்று. பிப்ரவரியில் முதுகு. பிறகு ஓடையை மூடப்போகிறார்கள் என்று பத்திரிகையில் வந்தது.

மேபல் மறுபடி உட்கார்ந்துவிட்டது. இம்முறை ஓடைக் கரையில், சாம்பல் நிறப் பாறை ஒன்றின் நிழலில்.

தண்ணீர் இல்லையென்றால் டயர். வெண்டல் மண்டியிட்டு ஒவ்வொரு பாதமாகத் தூக்கிப் பார்த்தார். முள் எதுவும் இல்லை. எழுந்திருக்கக் கையை ஊன்றிய இடத்தில், உதிர்ந்து கிடந்த கள்ளி உருண்டை ஒன்று இருந்தது. அது உள்ளங்கையோடு ஒட்டிக்கொண்டு வந்தது. மற்றக் கையால் பிடுங்கினார். அது அந்தக் கைக்கு மாறியது.

அவர் போட்ட சத்தத்தைக் கேட்டு ஹார்லன் மேட்டிலிருந்து இறங்கி வந்தார். கல் பொறுக்குவோர் சங்கத்தின் தலைவர்; வெள்ளைத் தாடி, சட்டைப்பையில் சீப்பு. அந்தச் சீப்பு தாடிக்கு இல்லை.

"கையைக் காட்டுய்யா. கள்ளியை யாராச்சும் கையால புடுங்குவாங்களா?" முள்ளுருண்டையைச் சீப்பால் நெம்பித் தட்டிவிட்டார். "முப்பது வருஷம் நோரீன் கூட குடும்பம் நடத்தினே. ஒரு சீப்பு கொண்டு வரணும்னுகூடத் தெரியல."

"அவ சொன்னதில்ல."

"நீ கேட்டிருக்க மாட்டே."

வெண்டல் கையை உதறிக்கொண்டார். "கல்லு எங்க கிடைக்கும்? அதைச் சொல்லு" என்றார்.

"மேல கிடந்ததையெல்லாம் பொறுக்கியாச்சு. இனிமே தோண்டினாத்தான்."

"எங்க தோண்டுறது? மத்தவங்க தோண்டின குழி எங்கயாச்சும் தெரியுமில்ல?"

"குழியை மூடாம போறவனுக்கு எங்க சங்கத்துல இடமே இல்ல. அதுலயும் நோரீன் மூடினா, மேல செத்தையைக்கூடப் பழையபடி பரப்பிட்டுத்தான் எந்திரிப்பா. எங்க எல்லாரையும்விட நல்ல கல்லு அவளுக்குத்தான் கிடைக்கும். எங்க எடுத்தேன்னு கேட்டா சிரிப்பா." ஹார்லன் தாடியைத் தடவினார். "என்கிட்ட ஒண்ணு இருக்கு. எடுத்துட்டுப் போயேன்."

"வேணாம். நானே எடுக்கணும்னு சொன்னா."

"அப்ப தேடு. நல்லதா தெரிஞ்சா நாக்கால தொட்டுப் பாரு. ஈரம் பட்டாத்தான் கல்லோட நெறம் வெளிய வரும்."

மேபல் எழுந்திருக்கவே இல்லை. தண்ணீர், டயர் இரண்டும் பார்த்தாயிற்று. மிச்சம் பெட்ரோல்தான். வெண்டல் தன் மதியச் சாப்பாட்டு சாண்ட்விச்சைப் பிரித்து, இறைச்சித் துண்டை மூக்கு முன்னால் நீட்டினார். மேபல் எழுந்து வந்தது. துண்டு துண்டாகப் போட்டுக்கொண்டே ஒரு வளைவுவரை கூட்டிப்போனார். அங்கே இறைச்சி தீர்ந்தது. மேபல் சுற்றிலும் மோந்து பார்த்து, தானாகவே பத்தடி தள்ளிப் போய், ஒரு மணல் திட்டில் உட்கார்ந்தது.

"தின்னுட்டு உக்கார்றியா? உங்கம்மா கொடுத்த செல்லம்டி இது!"

மேபல் வாலை ஒருமுறை மண்ணில் அடித்தது.

வெறும் ரொட்டியைத் தின்றுவிட்டு வெண்டல் அதைத் தூக்கிக்கொண்டு நடந்தார். கொஞ்ச தூரம் போனதும் பிப்ரவரி முதுகு திரும்ப வந்தது. நாயை இறக்கிவிட்டு, இடுப்பில் கை வைத்து, பாதி வளைந்தபடி நின்றார். அந்தக் கோலத்தில் நின்றதால்தான் அது கண்ணில் பட்டது.

கால்மாட்டில் ஒரு கல். பளபளவென்று ரத்தச் சிவப்பு. ஓரத்தில் மஞ்சளாக ஒரு கீற்று.

எடுத்தார். ஹார்லன் சொன்னபடி நாக்கால் தொட்டார்.

சுவை சரியில்லை. வெயிலில் கிடக்கும் கல் எப்படி முன்பே ஈரமாக இருந்தது என்று யோசித்தார். திரும்பிப் பார்த்தார். மேபல் அப்போதுதான் பின்காலை மடக்கி வேலையை முடித்து நகர்ந்துகொண்டிருந்தது.

அரை பாட்டில் தண்ணீர் வாய் கொப்பளிக்கப் போயிற்று. ஆனாலும் கல்லை எறியவில்லை. சிவப்பு சிவப்புதான். பையில் போட்டுக்கொண்டார்.

மதியத்துக்குமேல் ஹார்லனிடம் போய், சங்கத்துக்காரர்கள் கல் இழுக்க வைத்திருக்கும் சின்ன சிவப்பு வண்டியைக் கேட்டு வாங்கி வந்தார். குழந்தைகள் இழுத்து விளையாடுவது. மேபலை அதில் ஏற்றினார். வண்டி நிறைந்துவிட்டது.

"கல்லை எங்க வைப்பே?" என்று ஹார்லன் கத்தினார்.

"முதல்ல கிடைக்கட்டும்!"

கொஞ்ச நேரம் எல்லாம் நன்றாகத்தான் போயிற்று. காற்றில் காது பறக்க, ஊர்வலம் போகிற மகாராணி மாதிரி மேபல் வந்தது. இரண்டு பாறைகளுக்கு நடுவில் ஒரு சமதளம் வந்தது. மேபல் எழுந்து நின்றது. வண்டி கவிழ்ந்தது. மேபல் இறங்கிப் போய் உட்கார்ந்தது. மறுபடி ஏற்றினார். அடுத்த மேட்டில் மறுபடி கவிழ்ந்தது. மறுபடி இறங்கிப் போய் உட்கார்ந்தது. மூன்றாவது தடவை சங்கிலியால் வண்டியோடு கட்டினார். மேபல் வண்டியையும் இழுத்துக்கொண்டு போய் உட்கார்ந்தது.

கடைசியில் அதை டிரக்கில் விட்டு, ஜன்னல்களை இறக்கிக் கதவைச் சாத்தினார். நிம்மதியாகத் தேடலாம் என்று நினைத்தார். மேபல் ஊளையிட ஆரம்பித்தது. அந்த நாய் குரைத்துக்கூட வெண்டல் அதிகம் கேட்டதில்லை. நோரீனைக் கொண்டுபோன அன்று ராத்திரிதான் அப்படி ஊளையிட்டது.

பாதி வழியில் நின்றார். திரும்பிப் போய்க் கதவைத் திறந்து, படியில் உட்கார்ந்து, அதன் தலையை மடியில் வைத்துக்கொண்டார்.

"எனக்கு மட்டும் அவ நெனப்பு இல்லையாடி?" என்றார். "நான் என்ன பண்ணட்டும் சொல்லு. ஒரே ஒரு கல்லு கேட்டா. அதைக்கூட..."

மேபல் அவர் கையை நக்கியது. பிறகு இறங்கி, ஓடையைப் பார்த்து நாலு எட்டு வைத்து, திரும்பிப் பார்த்தது.

"போதும்டி. இன்னொரு சுத்து என்னால ஆகாது" என்று சொல்லி அதைத் தூக்கி முன் சீட்டில் வைத்தார்.

மிச்சமிருந்த நேரத்தில் டிரக்கைச் சுற்றிக் கண்ணில் பட்ட சிவப்பையெல்லாம் பொறுக்கிப் பையில் நிரப்பினார். எல்லாரும் போன பிறகு கடைசியாகக் கதவைத் தாண்டியது அவருடைய டிரக்தான்.

கதவுக்கு டெலியா பொறுப்பு. மடக்கு நாற்காலியும் சூரியகாந்தி விதைப் பொட்டலமுமாக எத்தனையோ வருடமாக அங்கே இருப்பவள். டிரக் வெளியே வந்ததும் கதவை இழுத்துச் சாத்திப் பூட்டினாள். ஜீப்பில் காத்திருந்த அதிகாரியிடம் சாவியைக் கொடுத்தாள். ஜீப் போய்விட்டது. பிறகு வெண்டலின் ஜன்னல் பக்கம் வந்து, உள்ளே கையை விட்டு மேபலின் காதைத் தடவினாள்.

"எப்படிடி இருக்கே, என் ராசாத்தி? ஆளே இளைச்சுட்டியே." பிறகு வெண்டலைப் பார்த்து, "நோரீன் விஷயம் கேள்விப்பட்டேன். மனசுக்குக் கஷ்டமா இருந்துச்சு. கல்லு கிடைச்சுதா?" என்றாள்.

வெண்டல் பையைக் கொடுத்தார். அவள் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள். நகத்தால் கீறினாள். மஞ்சள் கீற்று இருந்ததை எச்சில் தொட்டுத் தேய்க்கப் போனாள்.

"அதை மட்டும் வேணாம்" என்றார் வெண்டல் அவசரமாக.

டெலியா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இது செங்கல்லுங்க. பழைய சுரங்கக் கொட்டாயோடது. இந்த மஞ்சள், சுவத்துப் பூச்சு." பையைத் திருப்பிக் கொடுத்தாள். "மத்ததெல்லாம் சும்மா பாறை. எங்க தோண்டினீங்க?"

"எங்க தோண்டுறது? இவ விட்டாத்தானே! நாலு எட்டு வச்சா உக்காந்துடறா. கெஞ்சினேன், தூக்கினேன், வண்டியில கட்டி இழுத்தேன். எறக்கிவிட்டா மறுபடி ஒரு எடத்துல போய் உக்காந்துக்கறா. நாள் பூரா இதே வேலை."

டெலியா விதை மெல்வதை நிறுத்தினாள். பூட்டிய கதவைப் பார்த்தாள். பிறகு மேபலைப் பார்த்தாள்.

"தான் மூடின குழி எங்க இருக்குன்னு நோரீனுக்கு ஒருநாளும் ஞாபகம் இருந்ததில்லைங்க" என்றாள். "மேபல் உக்கார்ற எடத்துலதான் தோண்டுவா."

வேலி போடும் ஆட்கள் திங்கட்கிழமை காலையில் வந்தார்கள். நோரீனின் கல்லறைக் கல்லில் இப்போது இருப்பது அந்தச் செங்கல் துண்டுதான்.