விசிலுக்கு வந்த முன்னோர்கள்

மேற்கு மாம்பலத்தில் காக்காய்களுக்குக் கல்வி கற்பித்த ஒரே மனிதர் ராஜரத்தினம்தான். இதை அவரே சொல்லிக்கொள்வார். கேட்காதவர்களிடம் இரண்டு தடவை சொல்வார்.

பாண்டி பஜார் பக்கம் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தார். ஊராரின் பார்வையைத் தெளிவாக்குவது வாரநாள் வேலை. அறிவைத் தெளிவாக்குவது ஞாயிற்றுக்கிழமை வேலை. அதற்கென்றே 'தெளிவோம் மன்றம்' இருந்தது. ஒரு டியூஷன் சென்டரின் மாடியில் பத்துப் பதினைந்து பேர் கூடி, பிள்ளைகள் உட்காரும் பெஞ்சில் தொந்தியை நுழைத்துக்கொண்டு மூடநம்பிக்கையை ஒழிப்பார்கள். தலைவர் கோதண்டபாணிக்கு வயதாகிவிட்டது. அடுத்த தலைவர் யார் என்ற கேள்விக்கு ராஜரத்தினத்தின் மனதில் ஒரே ஒரு பெயர்தான் இருந்தது. அதைப் பிறர் வாயால் கேட்கவேண்டியதுதான் பாக்கி.

வீட்டில் மட்டும் தெளிவு பிறக்கவில்லை. மனைவி சந்திரிகா விரதம் இருப்பாள், விளக்கேற்றுவாள், மாமனார் போன நாளிலிருந்து அமாவாசை தவறாமல் படையல் போடுவாள். ராஜரத்தினம் படையலைக் கண்டிப்பார். வடையைக் கண்டித்ததில்லை.

வினையும் ஓர் அமாவாசையன்றுதான் ஆரம்பித்தது. மத்தியானம் மணி இரண்டு. வாழைக்காய்ப் பொரியல் மணக்கிறது, வடை மணக்கிறது, பாயசம் மணக்கிறது. அவர் இலையில் மட்டும் ஒன்றும் விழவில்லை.

"சோறு போடுவியா மாட்டியா?"

"காக்கா இன்னும் எடுக்கலைங்க."

"காக்கா எடுக்கலைன்னா நான் ஏன் பட்டினி கெடக்கணும்?"

"மாமாவுக்கு வெச்சது. அவர் சாப்பிடாம நாம எப்படிச் சாப்பிடறது?"

"எங்கப்பா உசுரோட இருந்தப்ப பன்னெண்டு அடிச்சா இலை முன்னாடி இருப்பாரு. ரெண்டு மணி வரைக்கும் வரலைங்கறதுலயே தெரியலையா, அது அவர் இல்லைன்னு?"

சந்திரிகா முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். காலையிலிருந்து மூன்று தடவை மொட்டை மாடிக்கு ஏறி இறங்கியிருந்தாள். தெருமுனை மரத்தை வெட்டியதிலிருந்து காக்காய்கள் அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. மாமனார் வந்து பார்த்துவிட்டுப் பசியோடு திரும்பிப் போயிருப்பாரோ என்று நினைக்கவே அவளுக்குப் பொறுக்கவில்லை. அவர் அவளை ஒரு நாளும் பேர் சொல்லி அழைத்ததில்லை, 'அம்மாடி' என்றுதான் கூப்பிடுவார்.

"காக்காங்கறது ஒரு பறவை, சந்திரிகா. பழக்கினாப் பழகும். குறிச்ச நேரத்துக்கு டாண்ணு வரும்."

"நாயைப் பழக்கலாம். கிளியைப் பழக்கலாம். காக்கா யாருக்குங்க அடங்கும்? உங்க அறிவியலுக்கெல்லாம் அது வராது."

"வராதா?"

"வராது."

"வரவெச்சுக் காட்டினா?"

"காட்டுங்க பாப்போம்," என்றாள் சந்திரிகா, முழங்காலைத் தேய்த்தபடியே.

மறுநாள் காலை ராஜரத்தினம் மொட்டை மாடி ஏறினார். கழுத்தில் பி.டி. வாத்தியார் விசில், கையில் ஒரு டப்பா மேரி பிஸ்கட். விசில் ஊதுவது, பிஸ்கட் போடுவது. மறுபடி ஊதுவது, போடுவது. முதல் வாரம் எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டியிலிருந்து ஒரே ஒரு காக்காய் அவரைப் பார்த்தது. விலை கேட்டுவிட்டு வாங்காமல் போகும் ஆசாமியைக் கடைக்காரர் பார்ப்பாரே, அந்தப் பார்வை. இரண்டாவது வாரம் அது இறங்கி வந்தது. அப்புறம் குடும்பத்தைக் கூட்டி வந்தது. அதன் பிறகு சம்பந்தி வகையறா, அக்கம் பக்கம், எல்லாம். மார்கழி முடிவதற்குள் அவர் ஒரு விசில் கொடுத்தால் கைப்பிடிச் சுவர் கறுத்துப்போகும்.

ராஜரத்தினத்துக்குத் தலை கால் புரியவில்லை. வாழ்நாளில் ஒரு மனிதரைக்கூடக் காக்காய் பிடிக்காதவர், முப்பது காக்காயை ஒரே மூச்சில் பிடித்துவிட்டார் அல்லவா? அதைவிடப் பெருமை, சந்திரிகாவே தினமும் டப்பாவில் பிஸ்கட் நிரப்பிக் கையில் கொடுத்ததுதான். மனைவியையும் அறிவியல் தொட்டுவிட்டது என்று மன்றத்தில் அறிவித்தார். கை தட்டினார்கள்.

அங்கேயே இன்னொன்றும் அறிவித்தார்: "வர்ற தை அமாவாசை அன்னிக்கு எங்க மொட்டை மாடியில நேரடி நிரூபணம். காக்கா தீனிக்கு வருதா, திதிக்கு வருதான்னு பாத்துடலாம். தலைவர் அவசியம் வரணும்."

வந்தார் கோதண்டபாணி, குடையோடு. அவருக்கு முன்னால் அடுக்குமாடிக் குடியிருப்பே வந்திருந்தது. சந்திரிகா வீடு வீடாகப் போன் போட்டு அழைத்திருந்தாள். சுவர் ஓரமாக இலைத் துண்டுகள், அதில் எள்ளுச் சாதம், பருப்பு, வடை. முன்வரிசையில் இரண்டாம் மாடி சூடாமணி மாமி.

"மணி பன்னெண்டாகப் போறது. ஒண்ணையும் காணுமே," என்றாள் மாமி.

"எல்லாரும் ஒரு தடவை கூப்பிடுங்க," என்றார் ராஜரத்தினம் கம்பீரமாக.

கா, கா என்று மொட்டை மாடி முழுக்கக் கத்தியது. ஒரு காக்காயும் அசையவில்லை. ராஜரத்தினம் தலைவரைப் பார்த்துப் புன்னகைத்தார். பிஸ்கட்டைத் தூவினார். நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து ஒரு விசில் கொடுத்தார்.

வானம் இறங்கியது. வந்த காக்காய்கள் பிஸ்கட்டைப் பார்த்தன. வடையைப் பார்த்தன. அதற்குமேல் யோசிக்கவில்லை. எல்லா இலையும் ஒரு நொடியில் காலி.

"பாத்தீங்களா!" என்று கத்தினார் ராஜரத்தினம்.

"பாத்தேனே!" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள் மாமி. "கழுத்தச் சாய்ச்சுண்டு வடைய எடுத்துதே, சாட்சாத் எங்க மாமியாரேதான்! அவாளுக்கு வடைன்னா உசுரு."

"மாமி, அது உங்க மாமியார் இல்ல. பழக்கப்பட்ட காக்கா. இது அறிவியல்!"

அப்போதுதான் சந்திரிகா வாயைத் திறந்தாள். மிகவும் மெதுவாகத்தான் திறந்தாள்.

"அறிவியல்னா யார் செஞ்சாலும் அதே முடிவு வரணும்னு நீங்கதானே சொல்வீங்க? வேற யாராச்சும் ஊதிப் பாக்கட்டுமே."

"அருமையான கேள்வி!" என்றார் கோதண்டபாணி.

ராஜரத்தினத்துக்குப் பெருமை தாங்கவில்லை. தன் மனைவி, தன் வாக்கியம், அதுவும் தலைவர் காதுபட! உடனே வாட்ச்மேன் கபாலியைக் கூப்பிட்டார். விசிலுக்குப் பேர்போனவர் கபாலி. இரண்டு விரலை வாயில் வைத்தாரென்றால் தெரு முனையில் ஆட்டோ நிற்கும்.

கபாலி அதே விசிலை வாங்கி ஊதினார். ஆட்டோ நின்றது. எதிர்த் தொட்டிக்குத் திரும்பியிருந்த காக்காய்களில் ஒன்றுகூட வரவில்லை.

"இன்னா சார் இது? ஒண்ணுகூட நம்மள மதிக்கல. எல்லாம் உங்களயே பாத்துக்கினு கீது."

"விசிலை இப்படிக் கொடுங்க," என்று தலைவரே வாங்கி ஊதினார். முகம் சிவக்க, குடை நழுவ ஊதினார். ஓர் இறகு அசையவில்லை.

விசில் ராஜரத்தினத்தின் கைக்குத் திரும்பியது. வேண்டாம் என்று ஏதோ ஒன்று உள்ளுக்குள் சொல்லியது. ஆனாலும் எதிரே மன்றம், பின்னால் குடியிருப்பு. ஊதினார். மொத்தமும் வந்து அவர் காலடியில் இறங்கியது.

ராஜரத்தினம் அவசரமாக விளக்கத் தொடங்கினார்.

"அது... காக்காய்க்கு மனுஷ முகம் அடையாளம் தெரியும். ஆராய்ச்சியே இருக்கு. தினமும் என் முகத்தைப் பாத்திருக்கு, அதனால..."

"அதைத்தானே நாங்களும் சொல்றோம்!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள் சூடாமணி மாமி. "முகம் அடையாளம் தெரியறது. பெத்தவாளுக்குப் பிள்ளை முகம் தெரியாதா?"

"உங்க அப்பா ரொம்ப நல்ல மனுஷராம் இல்ல சார்?" என்றார் கபாலி பயபக்தியோடு.

கோதண்டபாணி மட்டும் குடையை மடக்கிக்கொண்டு இறங்கிப் போனார். தலைவர் பதவியும் அவரோடு படி இறங்குவது போல ராஜரத்தினத்துக்குத் தோன்றியது.

சாயங்காலம் சந்திரிகாவைப் பிடித்துக்கொண்டார்.

"வேணும்னேதானே செஞ்ச? காக்கா வராதுன்னு என்னை உசுப்பேத்திவிட்டதும் நீதானே?"

"ஆமாங்க," என்றாள் கொஞ்சம்கூடக் கூசாமல். "எனக்கு மாடி ஏற முடியல. மாமா பட்டினியா போறதையும் தாங்க முடியல. தினமும் மேல போய் நிக்க ஒரு ஆள் வேணும். சாமி பேரைச் சொன்னா நீங்க போவீங்களா? அதான் அறிவியல் பேரைச் சொன்னேன். இன்னிக்கு அவர் வயிறாரச் சாப்பிட்டாரு. எனக்கு அது போதும்."

"இனிமே நான் விசிலைத் தொடமாட்டேன்!"

"அப்ப அடுத்த அமாவாசைக்கும் ரெண்டு மணிக்குத்தான் சாப்பாடு. நமக்கு மட்டும் இல்ல, பில்டிங் முழுக்க."

குடியிருப்பு வாட்ஸ்ஆப் குழுவில் அதற்குள் அறிவிப்பே வந்துவிட்டது: 'அமாவாசை விசில் சரியாகப் பன்னிரண்டு மணிக்கு. ராஜரத்தினம் சார் தயவு.' அதன் கீழே கும்பிடும் கைகள் வரிசையாக.

அந்த ஞாயிறு அவர் மன்றத்துக்குப் போகவில்லை. அடுத்த ஞாயிறும் போகவில்லை. மூன்றாவது ஞாயிறு காலையில் கோதண்டபாணியே போன் செய்தார். நீக்கப் போகிறார்கள் என்று நினைத்து, நீக்குவதற்கு முன் தானே விலகிவிடும் உத்தேசத்தில் ராஜரத்தினம் தொண்டையைச் செருமினார்.

"மன்றத்துல யார்கிட்டயும் சொல்லாதீங்க, ராஜரத்தினம்," என்றது தலைவரின் குரல், ரகசியமாக. "வர்ற புதன்கிழமை எங்கப்பாவோட திதி. நான் இதையெல்லாம் நம்பறவன் இல்ல, உங்களுக்கே தெரியும். வீட்டுல ஒரே பிடிவாதம். சாதத்தை எடுத்துக்கிட்டு உங்க மொட்டை மாடிக்கே வந்துடறோம். நீங்க ஒரே ஒரு விசில் மட்டும்..."

ராஜரத்தினம் கணக்குப் போட்டார். ஒருவருக்கு ஊதினால் மன்றம் முழுவதற்கும் ஊத வேண்டியிருக்கும். தலைவராகி என்ன, கூப்பிட்ட வீட்டுக்கெல்லாம் ஊதும் நாதஸ்வரக்காரராகி என்ன? எப்படியாவது தப்பிக்க வேண்டும். ஒரு காரணம், ஒரே ஒரு நல்ல காரணம். கண் நாலாபக்கமும் அலைந்து, சமையலறைக் கதவில் சந்திரிகா மாட்டியிருந்த தினசரி காலண்டரில் போய் நின்றது. பகுத்தறிவாளர் ராஜரத்தினம் வாழ்க்கையில் முதல் தடவையாகச் சொன்னார்:

"அடடா, புதன்கிழமை பன்னெண்டு மணிக்கு ராகு காலம் ஆரம்பிச்சுடுமே, தலைவரே! ஆகாதே!"

மறுமுனையில் தலைவர் பதில் சொல்வதற்குள் சமையலறையிலிருந்து சந்திரிகாவின் குரல் வந்தது:

"அதனாலதாங்க அவங்க வீட்டம்மாவைப் பதினொண்ணரைக்கே வரச் சொல்லியிருக்கேன்."