தேன்வாயர் வளர்த்த குரல்

ஒரு ரக மனிதர் உண்டு. யார் எதைக் கேட்டாலும் பதில் சொல்ல மாட்டார்; ஆனால் பதில் சொல்லாமலிருப்பதை அவ்வளவு இனிமையாகச் செய்வார். இந்த ரகத்தின் கையில் ஒரு கம்ப்யூட்டரும் கிடைத்துவிட்டால்? வாருங்கள், லிஃப்ட் பழுதுபார்க்கும் கம்பெனி ஒன்றின் இரண்டாம் மாடிக்கு.

இவர்தான் தேன்வாயர். ஆபீஸ் வைத்த பெயர். புகார் சொல்லக் கூப்பிடுகிறவர்களிடம் இப்போது பேசுவது ஒரு மென்பொருள். எழுதிக் கொடுத்ததைப் பெண் குரலில் வாசிக்கும். எழுதிக் கொடுப்பவர் இவர். 'வணக்கம்' முடிந்ததும் அரை மூச்சு, 'அன்பான' வரும்போது ஒரு குழைவு, 'வருந்துகிறோம்' வரும்போது தொண்டை லேசாக அடைக்க வேண்டும் என்று வாரம் முழுக்க அதைத் திருப்பித் திருப்பிப் பேசவைத்து, கண்ணை மூடிக் கேட்டு, போதாதென்று வரவேற்புரையை நீட்டி, நீளம் தாங்காமல் கடைசியில் எதை வெட்டினார் தெரியுமா? 'எங்கள் ஊழியரோடு பேச ஒன்பதை அழுத்தவும்.'

"அது இல்லாட்டி ஜனங்க யார்கிட்ட சார் பேசுவாங்க?" என்றாள் ரிசப்ஷனில் இருப்பவள்.

"அதான் இவ இவ்ளோ அழகா பேசுறாளேம்மா. வேற ஆள் எதுக்கு?"

அன்று முதல் நாள். இடைஞ்சல் வேண்டாமென்று தன் மொபைலை அணைத்துவிட்டு, வரும் அழைப்புகளை ஒட்டுக்கேட்க ஹெட்போனை மாட்டிக்கொண்டார். குரல் வணக்கம் சொன்னது. இவருக்கே புல்லரித்தது.

"ஹலோ, எங்க அபார்ட்மென்ட் லிஃப்ட் நடுவுல நின்னுடுச்சுங்க. நானும் பாப்பாவும் உள்ள மாட்டிக்கிட்டோம்."

"உங்கள் மனநிலை எங்களுக்குப் புரிகிறது," என்றது குரல்.

"புரியுதில்ல, ஆள அனுப்புங்க. பாப்பா ஒண்ணுக்கு வருதுன்னு அழறா. எங்க வீட்டுக்காரர் அங்கதான் வேலை பாக்குறார். போன அணைச்சு வெச்சிருக்கார்."

குரலை ரசித்து ஆடிக்கொண்டிருந்த தேன்வாயரின் தலை நின்றது.

"நான்தான், நான்தான்டி" என்று கத்தினார். கேட்க மட்டுமே வசதியுள்ள லைனில் கத்தினால் யாருக்குக் கேட்கும்? அவசர அவசரமாக மொபைலை உயிர்ப்பித்து மனைவியைக் கூப்பிட்டார். பிஸி. பிஸியாக வைத்திருந்தது யார்? இவர் வளர்த்த குரல்தான். அவளுடைய பொறுமைக்கு நிதானமாக நன்றி சொல்லிக்கொண்டிருந்தது.

மெக்கானிக்கை பைக்கில் பின்னால் ஏற்றிக்கொண்டு இவரே பறந்தார். லிஃப்ட் கதவு திறந்தபோது பாப்பாவின் கவுன் நனைந்திருந்தது. மனைவி குனிந்து அதைப் பிழிந்துகொண்டிருந்தாள். ஏதாவது சொல்ல வேண்டுமே என்று வாயைத் திறந்தார்.

"ஏற்பட்ட சிரமத்துக்கு ரொம்ப வருந்துறேன்மா." தொண்டைகூட லேசாக அடைத்தது.

அவள் பாப்பாவை இடுப்பில் ஏற்றிக்கொண்டு கேட்டாள்: "உங்ககிட்ட ஒரு மனுஷனோட பேசணும்னா எத அமுக்கணும்?"

சிரிக்கிறீர்களா? தாராளமாகச் சிரியுங்கள். நேற்று உங்கள் வீட்டில் ஒருவர் ஏதோ சொல்ல வந்தார்; நீங்கள் கையிலிருந்த மொபைலிலிருந்து கண்ணை எடுக்காமலேயே "ம்... சொல்லு, கேட்டுட்டுதான் இருக்கேன்" என்றீர்கள், அன்பாகவே.

அவர் என்ன சொன்னார்?