எங்கள் காரைப் பார்க்க வந்த தெர்மாமீட்டர்

எங்கள் காருக்குக் கண்ணேறு பட்டுவிட்டது என்றுதான் அந்தக் கோடையில் எங்கள் வீட்டில் எல்லோரும் நம்பினோம். திருக்கனூர்க் கடைத்தெருவில் ஏசி வைத்த கார் அது ஒன்றுதான். அதைச் சுற்றிவந்து பார்க்காமல் எவரும் பேருந்து ஏறியதில்லை. பார்த்த கண்ணெல்லாம் சும்மா இருக்குமா என்பது அம்மாவின் கேள்வி.

அப்பாவை நாங்கள் அத்தா என்போம். அவர் மணிலாக்கொட்டை வியாபாரி. ஆடம்பரத்துக்காக அவர் கார் வாங்கவில்லை. என் தங்கை ஜரீனாவுக்குப் பிறவியிலேயே வேர்வை வராது. வெயிலில் கால்மணி நேரம் நின்றால் போதும், உடம்பு கொதித்துக் கண் செருகிவிடும். அவளுடைய பத்தாம் வகுப்புத் தேர்வு வில்லியனூரில் நடக்கவிருந்தது. தேர்வறையில் ஈரத்துண்டைப் போர்த்திக்கொண்டு சமாளிக்கலாம். உச்சிவெயிலில் பேருந்தில் திரும்புவதுதான் ஆகாது. ஒரு வருடம் முன்பே இதை யோசித்து, ஊர் திரும்பவிருந்த பிரெஞ்சுக்காரர் ஒருவரின் பழைய காரை அத்தா வாங்கினார். டாஷ்போர்டுக்கு அடியில் ட்ரங்குப்பெட்டி போல ஒரு குளிர்ப்பெட்டி தொங்கிக்கொண்டிருக்கும். தேர்வுக்கு நான்கு நாள் இருக்கும்போது அதிலிருந்து குளிர்காற்று நின்றது. ஈனசுரத்தில் ஒரு மூச்சு மட்டும் வந்துகொண்டிருந்தது.

மெக்கானிக்குகள் இருவர் வந்து பார்த்து, "கேஸ் போயிடுச்சி பாய்" என்றார்கள். குளிரூட்டும் கேஸை நிரப்பியும் பயனில்லை. அதன்பிறகுதான் அத்தா, வேறு வழியின்றி, தெர்மாமீட்டருக்கு ஆள் அனுப்பினார்.

இந்தப் பூமியில் சூடாகவோ குளிராகவோ இருந்த எதையும் தெர்மாமீட்டர் அளக்காமல் விட்டதில்லை. கடற்கரை மீனவக் குடும்பத்தில் பிறந்து, ஐஸ் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். பெற்றோர் வைத்த பெயரை எவரும் கேட்டதில்லை. சாண் நீளக் கண்ணாடித் தெர்மாமீட்டர் ஒன்று அவருடைய சட்டைப்பையில் பேனாவைப் போல நிற்கும். தேநீர்க் கடையில் கிளாசுக்குள் அதை விட்டுப் பார்த்து, "அம்பத்தி ரெண்டு. இன்னாய்யா மாஸ்டர், இது டீயா, குளிக்கிற வென்னீரா?" என்பார். ஒரு நிக்காஹ் பந்தியில் பிரியாணிக்குள் அதைச் செருகியபோது, சமையல்காரர் கரண்டியோடு வாசல்வரை துரத்தினார். துக்கவீடு ஒன்றில் இறந்தவரின் நெற்றியை நோக்கி அவர் கை நீண்டதாகவும், மைத்துனர் பாய்ந்து பிடித்துக்கொண்டதாகவும் சொல்வார்கள். அதை நான் நேரில் பார்த்ததில்லை. நம்ப மறுத்ததும் இல்லை.

சொல்லியனுப்பியது காலையில். அவர் வந்தது நண்பகலில்.

"இன்னாப்பா, இந்த வெயில்லயா வருவ?" என்றார் அத்தா.

"காலையில எந்தக் காரும் நல்ல காருதான் பாய். பன்னெண்டு மணிக்கில்ல அதும் யோக்கியத தெரியும்."

இன்ஜினை ஓடவிட்டு, கண்ணாடிகளை எல்லாம் ஏற்றிவிட்டு, குளிர்ப்பெட்டியின் வாயில் தெர்மாமீட்டரைச் செருகிக்கொண்டு அவர் உள்ளே உட்கார்ந்தார். அரைமணி நேரம் அசையவில்லை. கதவைத் திறந்து இறங்கியபோது குளத்தில் விழுந்து எழுந்தவர் போல இருந்தார். நடையில் நின்று பார்த்துக்கொண்டிருந்த ஜரீனா, "எம்மாம் வேர்வ!" என்று வாய்விட்டே சொல்லிவிட்டாள். அவள் குரலில் இருந்தது பொறாமை என்பது எங்களுக்கு மட்டும்தான் தெரியும்.

"பாதி உனுக்குத் தரட்டா பாப்பா?"

அந்த வாரத்தில் அவள் சிரித்தது அப்போதுதான்.

அடுத்து பானெட்டைத் திறந்து, குளிர்ப்பெட்டியிலிருந்து வரும் குழாயில் கன்னத்தை வைத்தார். கை பொய் சொல்லும், கன்னம் சொல்லாது என்பது அவருடைய கொள்கை. அந்தக் கொதிக்கும் இன்ஜினுக்கு நடுவே, குழாயின்மேல் வெள்ளையாக உறைபனி படிந்திருந்தது.

"கேஸ் இருக்குது பாய். குளிரும் இருக்குது. காத்துதான் வரல. சோறு வெந்துடுச்சி, பரிமாற ஆளில்ல."

உறைபனி கரையட்டும் என்று இன்ஜினை நிறுத்திக் காத்திருந்துவிட்டு, குளிர்ப்பெட்டியின் மூடியைக் கழற்றினார். உள்ளே சீப்புப் பற்களைப் போல நெருக்கமாக இருக்கவேண்டிய தகடுகளை, பழுப்பு நிறத்தில் பிசின்போல் ஒன்று முழுதாக அடைத்திருந்தது. விரலில் கொஞ்சம் வழித்து முகர்ந்தார். அருகில் நின்ற எனக்கும் அந்த வாசனை வந்தது.

சாம்பிராணி.

கார் வந்த நாளிலிருந்தே வியாழக்கிழமை மாலைகளில், கண்ணேறு கழிய, அம்மா காருக்குள் சாம்பிராணிச் சட்டியை வைத்துக் கதவுகளைச் சாத்திவிடுவார். புகை மூலைமுடுக்கெல்லாம் போகவேண்டும் என்று குளிர்ப்பெட்டியின் விசிறியைச் சுழலவிடும் வேலை என்னுடையது. காற்று குறையத் தொடங்கியதும், கண்ணேறு பலமானது என்று எண்ணி, தினமும் போடத் தொடங்கியிருந்தோம். மகளைக் காக்க அம்மா போட்ட புகை, மகளுக்கான மூச்சையே அடைத்துக்கொண்டிருந்தது.

அம்மா கதவோரம் முந்தானையைப் பற்றிக்கொண்டு நின்றார். "இன்னாதுங்க அது?"

தெர்மாமீட்டர் என்னைப் பார்த்தார். நான் விசிறியின் பொத்தானைப் பார்த்தேன். அளந்ததை அளந்தபடி சொல்லி ஊர் முழுவதும் பகை தேடிக்கொண்ட அந்த மனிதர், விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

"ரோட்டுத் தூசி, பாயம்மா. லாரி போற ரோடு பாருங்க."

சவுக்காரத் தண்ணீரும் பல் துலக்கும் பிரஷும் கேட்டு வாங்கி, ஒவ்வொரு தகடாக மாலைவரை கழுவினார். மறுபடி இன்ஜினை ஓட்டியபோது காற்று சீறிக்கொண்டு வந்தது. தெர்மாமீட்டரை ஜரீனாவிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னார். "பதினாறு" என்று அவள் படித்தாள். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

புறப்படும்போது, ஏதோ நினைவுக்கு வந்தவர் போலத் திரும்பி நின்றார்.

"பாயம்மா, கண்ணேறு வெளியேருந்துதான வருது? அப்போ சாம்பிராணிய வெளியவே சுத்திட்டா, உள்ள நுழையாதில்ல?"

அம்மா அவர் வேட்டியிலிருந்த பழுப்புக் கறையைப் பார்த்துவிட்டு, "அதுவும் சரிதாங்க" என்றார்.

ஜரீனா எல்லாத் தேர்வுகளுக்கும் போய், ஒவ்வொரு பகலிலும் குளிர்ந்த கையோடு வீடு திரும்பினாள். அதன்பின் கோடை தொடங்கும்போதெல்லாம் தெர்மாமீட்டர் தாமாகவே வந்து காரைச் சோதிப்பார். அம்மா அவரை உட்காரவைத்து இலை போடுவார். ஆவி பறக்கும் பிரியாணி முன்னே இருக்கும். சட்டைப்பையில் தெர்மாமீட்டரும் இருக்கும். எங்கள் வீட்டுச் சோற்றில் மட்டும் அவர் அதைச் செருகியதே இல்லை.

"தூசிக்கு அப்படி ஒரு வாசன வருமாடி?" என்று பல வருடங்கள் கழித்து அம்மா என்னிடம் கேட்டார். தெர்மாமீட்டர் இறந்த செய்தி வந்த அன்று அது. 

அத்தா இல்லை, அம்மா இல்லை, கார் எப்போதோ இரும்புக்குப் போய்விட்டது. ஜரீனா இருக்கிறாள்.